ஊடை இரண்டு, பாவு ஒன்று

வெண்ணந்தூரில் முருகானந்தத்தின் தறிப்பட்டறையில் எட்டுத் தறிகள். எட்டும் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவை. அங்கே ஏதோ ஒரு மலையடிவார ஊரில் மில்லை மூடியபோது பழைய இரும்பாகப் போக வேண்டியவற்றைக் கோயம்புத்தூர் புரோக்கர் ஒருவர் பேசி முடித்துக் கப்பலேற்றி, 2006ஆம் வருடம் தூத்துக்குடி வழியாக இங்கே கொண்டுவந்து இறக்கினார். நாடா இல்லாத தறிகள். நாடாவுக்குப் பதிலாக விரல் நீள இரும்புத் துண்டு ஒன்று நூலைக் கவ்விக்கொண்டு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பாயும். பார்க்க வருகிறவர்களிடம், தறிகளைப் பழுது பார்க்கும் பிட்டர் காளிதாஸ், உழவு மாட்டைக் காட்டுகிறவர் மாதிரி தறியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "வயசாயிருச்சுங்க, ஆனா நல்ல எடத்துல வளந்த உருப்படிங்க" என்பார்.

அந்தக் காளிதாசை ஒரு புதன்கிழமை காலை முதலாளி ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

"காளிதாஸ், நம்ம ஏழாம் நம்பர் தறியோட பெட்டியில ஃபுட்பால் நோட்டு ஏதாச்சும் இருக்குதா?"

"என்ன நோட்டுங்க?"

"ஃபுட்பால். பந்து ஒதைக்கறது."

"நம்ம தறியிலீங்களா?" காளிதாஸ் சிரித்துவிட்டார். "அதுல ஸ்பேனர் இருக்குது, ஸ்பிரிங் இருக்குது, ஒரு அரணை கூட இருந்துச்சு. பந்தெல்லாம் இல்லீங்க."

முருகானந்தம் போனைத் திருப்பிக் காட்டினார். புரோக்கர் அனுப்பியிருந்த செய்தி. ஓபர்லின்டன் என்ற ஊரிலிருந்து ரூத் என்ற எழுபத்து நான்கு வயதுப் பெண்மணி எழுதியிருக்கிறார். அவர்கள் ஊர்க் கால்பந்துக் கழகத்துக்கு அடுத்த வருடம் நூறு வயது. மில் தொழிலாளிகள் சேர்ந்து ஆரம்பித்த சின்னக் கழகம். கடைசி வரிசை லீகைத் தாண்டிப் பெரிதாக எதுவும் போனதில்லை. நூற்றாண்டுக்கு வரலாறு எழுதலாம் என்று உட்கார்ந்தால் 1983க்கு முந்திய நோட்டைக் காணோம். ரூத்தின் அப்பா வால்டர் அந்த மில்லில் தறி பிட்டர். முப்பது வருடம் கழகத்தின் செயலாளரும் அவர்தான். நோட்டைத் தறிப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார் என்று சமீபத்தில்தான் ஒரு பழைய தொழிலாளி சொல்லியிருக்கிறார். அந்த அம்மா விடவில்லை. தறியின் எண்ணைப் பிடித்து, விற்றவரைப் பிடித்து, வாங்கியவரைப் பிடித்து, வெண்ணந்தூர் வரைக்கும் வந்துவிட்டார்.

"பெட்டியில ஒரு நோட்டு இருந்ததுங்க. ஆனா அது தறி நோட்டு," என்றார் காளிதாஸ். "தறி என்னிக்கு ஓடுச்சு, என்னிக்கு நின்னுச்சுன்னு எழுதினது. மிச்சத் தாள்லதான் நம்ம பெரிய பிட்டர் சலாம் பாயி பதினஞ்சு வருசம் எழுதினாரு. எனக்குத் தெரியாதுங்களா?"

"எதோ ஒண்ணு. பழைய நோட்டுதான? அனுப்பி வுட்ரு. நமக்கு ஒரு நல்ல பேரு."

காளிதாஸ் வாசல்படி வரை போய்த் திரும்பினார். "பாயி ஊட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றனுங்க."

அந்த நோட்டு கிடைத்த கதை இது. தறிகள் வந்து இறங்கியபோது ஏழாம் தறியோடு பச்சை நிற இரும்புப் பெட்டி ஒன்றும் வந்தது. மேல் தட்டுகள் திறந்தன. கீழ்த் தட்டு பூட்டியிருந்தது, சாவி இல்லை. அப்போது தலைமைப் பிட்டராக இருந்தவர் ராசிபுரத்து அப்துல் சலாம். காளிதாஸ் அவருக்குக் கீழே சேர்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. சலாம் ஆக்சா பிளேடு வைத்து அரை மணி நேரம் அறுத்துப் பூட்டைக் கழற்றினார். உள்ளே செங்கல் கனத்தில் ஒரு நோட்டு. பாதிக்கு மேல் வேற்று மொழியில் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தது. மிச்சம் வெறுந்தாள்.

"தறியோட ஜாதகம்டா காளி," என்றார் சலாம்.

ஒவ்வொரு பக்கத்திலும் கட்டம் போட்டிருந்தது. முதல் கட்டத்தில் தேதி. அடுத்ததில் சின்னதாக ஒரு படம்: சூரியன், மேகம், அல்லது குடை. "பாத்தியா, வானம் எப்படின்னு எழுதியிருக்கான். மழை நாள்ல நூலு ஒரு மாதிரி, வெயில் நாள்ல ஒரு மாதிரி. தொழில் தெரிஞ்சவன்." அதற்கடுத்து ஆட்களின் பெயர்கள். எண்ணினால் பெரும்பாலும் பதினொன்று. "ஷிப்டுக்குப் பதினோரு பேரு." முதல் தாளில் எஃப்.சி. என்று முத்திரை குத்தியிருந்ததைப் பார்த்ததும் சலாமுக்குச் சந்தேகமே போய்விட்டது. நாமக்கல் பக்கம் லாரிக்கு ஓடத் தகுதி என்று எஃப்.சி. எடுக்கிற மாதிரி தறிக்கும் அங்கே எடுப்பார்கள் போலிருக்கிறது என்றார்.

அதற்கப்புறம் வந்த எண்கள்தான் படுத்தியெடுத்தன. 2:1. 0:3. 4:4. இரண்டு நாள் இருவரும் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது சலாம் தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டார். "தறி எதனால நிக்கும்? குறுக்க ஓடற ஊடை அறுந்தா நிக்கும், நீளவாட்டுல இருக்கற பாவு அறுந்தா நிக்கும். முன்னாடி இருக்கறது ஊடை, பின்னாடி இருக்கறது பாவு. இவ்வளவுதாண்டா!"

அவ்வளவுதான் என்று காளிதாசும் நம்பினார். நம்பினதும் பயம் வந்தது. ஒரு ஷிப்டுக்கு ஊடை இரண்டு தடவை, பாவு ஒரு தடவைதான் அறுந்திருக்கிறது என்றால் அவர்கள் எப்பேர்ப்பட்ட வேலைக்காரர்கள்! சில நாட்களில் 0:0 என்றே இருந்தது. எட்டு மணி நேரம் தறி நிற்கவே இல்லை. அந்தப் பக்கத்தைச் சலாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.

வெண்ணந்தூரில் முதல் நாள் ஏழாம் தறி இருபத்தைந்து தடவை நின்றது. சலாம் நோட்டைப் பிரித்து, வெள்ளைக்காரன் எழுத்து முடிந்த தாளின் பின்பக்கத்திலேயே, அதே மாதிரி கட்டம் போட்டுத் தமிழில் எழுதினார்:

9.11.2006 வியாழன். மேகம். ஆள்: சலாம், காளி, சின்னாயி, மாதேஷ். 16:9. முதல் ஓட்டம். முதலாளி தேங்காய் உடைத்தார். தண்ணீர் மோட்டாரில் தெறித்தது. காளி பயந்துபோய் மெயினை அணைத்துவிட்டான். ஒன்றும் ஆகவில்லை.

அன்றிலிருந்து தினமும் எழுதினார். பதினாறு ஒன்பதைப் பன்னிரண்டு ஏழாக்க ஒரு மாதம் ஆயிற்று. ஏழு நான்காக்க ஒரு வருடம். மற்றப் பட்டறைக்காரர்கள் முப்பது தடவை நின்றால் இன்று நல்ல ஓட்டம் என்று வீட்டுக்குப் போவார்கள். சலாம் மட்டும் சுவிஸ்காரன் பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, "அவன் குடை நாள்லயே ரெண்டுக்கு ஒண்ணுல முடிச்சிருக்கான், நமக்கு வெயில் நாள்ல ஆறா?" என்று நூலை இழை இழையாகப் பார்ப்பார். சந்தேகமான நூலைத் திருப்பி அனுப்புவார். ஆயுத பூஜைக்கு எட்டுத் தறிக்கும் சந்தனம் வைக்கும்போது காளிதாஸ் நோட்டுக்கும் ஒரு பொட்டு வைப்பார். சலாம் அதைத் துடைக்கவும் மாட்டார், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார். 2014இல் ஒரு நாள் 2:1 வந்தது. அன்றைக்குக் குறிப்புக் கட்டத்தில் ஒரே வரிதான்: சுவிஸ்காரனும் நாமும் சமம். காளி பிரியாணி கேட்கிறான்.

கடைசிக் குறிப்பு 3.5.2021 திங்கள். வெயில். 3:2. பிரேக் இழுக்கிறது. காளி வந்ததும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

காளிதாஸ் அந்த வாரம் காய்ச்சலில் வீட்டில் கிடந்தார். எழுந்து வருவதற்குள் சலாமை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கொரோனா உச்சத்தில் இருந்த மாதம். திரும்பி வரவில்லை. பிரேக்கைக் காளிதாஸ் அந்த மாதமே பார்த்துவிட்டார். நோட்டில் மட்டும் எழுதவில்லை. பேனாவை நடுவில் வைத்து மூடி, பெட்டியின் கீழ்த் தட்டில் போட்டவர், நான்கு வருடமாக அந்தப் பேனாவை எடுக்கவில்லை. மனசு சரியில்லாத நாட்களில் மட்டும் நோட்டை எடுத்துப் பத்துப் பக்கம் படிப்பார். படித்தால் சலாம் பக்கத்தில் நின்று திட்டுவது மாதிரியே இருக்கும். அவருடைய போன் ஆஸ்பத்திரியிலேயே தொலைந்துபோயிற்று. குரல் எங்கும் இல்லை. இருப்பது இது ஒன்றுதான். இதைத்தான் முதலாளி அனுப்பி வுட்ரு என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை நோட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு காளிதாஸ் ராசிபுரம் போனார். சலாமின் மனைவி மஸ்தான் பீவியும் மகள் ஆலியாவும் வீட்டில் இருந்தார்கள். ஆலியாவுக்கு இருபத்து மூன்று வயது. திருச்செங்கோட்டில் ஒரு ரிக் கம்பெனி ஆபீசில் வேலை. ஆப்பிரிக்காவில் ஆழ்துளைக் கிணறு போடப் போயிருக்கிற வண்டிகளுக்காக நாள் முழுக்க இங்கிலீஷில் கடிதம் எழுதுகிறவள்.

"வாங்கண்ணா. நாலு மாசமாச்சு இந்தப் பக்கம் தலை காட்டி," என்றார் மஸ்தான் பீவி. "ராசிபுரத்துக்கு பஸ்ஸை நிறுத்திப்புட்டாங்களா?"

"தறி வுடலைங்க."

"அவரும் இதைத்தான் சொல்லுவாரு. தறியைத்தான் கட்டிக்கிட்ட மாதிரி."

காளிதாஸ் விஷயத்தைச் சொல்லி நோட்டை எடுத்து வைத்தார். ஆலியா பிரித்த இடம் தமிழ்ப் பக்கம். அவள் கை அப்படியே நின்றது.

"இது அத்தா எழுத்து."

"ஆமா கண்ணு."

"இத்தனை நாளு எங்க இருந்துச்சு மாமா?"

காளிதாசுக்குச் சுருக்கென்றது. நான்கு வருடத்தில் ஒரு தடவைகூட, இந்தப் பெண்ணுக்கு இதைக் காட்ட வேண்டும் என்று தனக்குத் தோன்றவில்லையே. தறி நோட்டு தறியோடுதான் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. "பட்டறையில இருந்துச்சு சாமி," என்றார்.

ஆலியா முன்பக்கம் புரட்டி, வேற்று மொழி எழுத்தின் மேல் போனைப் பிடித்தாள். இப்போதெல்லாம் போன் எந்த மொழியையும் படித்துச் சொல்லிவிடுகிறது. அரைகுறையாகத்தான், ஆனால் சொல்லிவிடுகிறது. அவள் முகம் மாறியது.

"மாமா, இது தறி நோட்டு இல்லை."

"உங்கத்தாவே பாத்து..."

"இல்லை மாமா. கேளுங்க. '1926 மார்ச். மில்லின் சாப்பாட்டு அறையில் பதினான்கு பேர் கூடினோம். பந்து வாங்க முடிவாயிற்று. பந்து வந்த பிறகு கழகத்துக்குப் பேர் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். ஏற்கவில்லை.' இது அவங்க பந்து கிளப்பு நோட்டுதான்."

"அப்ப அந்த ரெண்டுக்கு ஒண்ணு?"

"இவங்க ரெண்டு கோலு போட்டாங்க, அவங்க ஒண்ணு போட்டாங்க."

"சைபருக்கு சைபரு?"

"ரெண்டு பேரும் போடலை."

காளிதாஸ் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பதினைந்து வருடம். எத்தனை நூல் பெட்டியைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்! எத்தனை வியாபாரிகளோடு சண்டை! உள்ளுக்குள்ளிருந்து என்னவோ கிளம்பி வந்தது; அழுகை என்றுதான் நினைத்தார். வந்தது சிரிப்பு. "அட சாமி... பந்து ஆட்டத்தோட போட்டி போட்டிருக்கறோம் நாங்க!" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மஸ்தான் பீவிக்கு விஷயம் புரிய இரண்டு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "அதுக்குத்தான் இந்த மனுசன் ராத்திரி சோறுகூட ஒழுங்காத் திங்காம, ரெண்டுக்கு ஒண்ணு, ரெண்டுக்கு ஒண்ணுன்னு பொலம்பிக் கெடந்தாரா!"

நோட்டை ஒரு வாரம் அங்கேயே விட்டுவிட்டு வந்தார். மஸ்தான் பீவிக்குப் படிக்கத் தெரியாது. வேலை முடிந்து வந்ததும் ஆலியா தமிழ்ப் பக்கங்களை அம்மாவுக்கு வாசித்தாள். பிறகு தனக்காக மற்றப் பக்கங்களை. அடுத்த ஞாயிறு காளிதாஸ் போனபோது ஓபர்லின்டன் கழகத்தின் ஐம்பத்தேழு வருடமும் அவளுக்கு அத்துப்படி.

அது பெரிய வரலாறெல்லாம் இல்லை. ஒரு விவசாயி தன் மேய்ச்சல் நிலத்தை ஆடக் கொடுத்தார், புல் அறுத்த பிறகுதான் என்ற நிபந்தனையோடு. ஆட்டத்துக்கு முன்னால் சாணி அள்ளுவது போன வாரம் தோற்றதற்குக் காரணமானவரின் வேலை. யார் காரணம் என்பதில் இரண்டு பக்கத்துக்குத் தகராறு. மில்லில் மிச்சமான சிவப்புச் சாயத்தில் சட்டை முக்கினார்கள். முதல் மழையிலேயே சாயம் இறங்கி எதிரணியின் கால் சட்டையும் சிவப்பாயிற்று. 1937இல் ஓடையில் வெள்ளம் வந்து கோல் கம்பத்தை அடித்துக்கொண்டு போனது. கீழே இருந்த ஊர்க்காரர்கள் அதை எடுத்து நட்டுக்கொண்டு தர மறுத்தார்கள். கம்பத்தைப் பந்தயமாக வைத்தே ஓர் ஆட்டம் ஆடினார்கள். 1:5. 'கம்பம் அவர்களுடையதாயிற்று' என்று எழுதியிருந்தது. யுத்த காலத்தில் பையன்கள் எல்லையில் காவலுக்குப் போய்விட, ஏழு பேரோடு பாதிரியாரும் பால்காரரும் சேர்ந்து ஆடினார்கள். அறுபதுகளில் மில்லுக்கு இத்தாலியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்கள் முதலில் ஆட வந்த அன்றைக்கு வால்டரின் கையெழுத்தில்: முதல் பாதியில் யாரும் அவர்களுக்குப் பந்தைத் தரவில்லை. இரண்டாம் பாதியில் தந்தோம். 3:2.

"அந்த வால்டரும் உங்கத்தா மாதிரியேதான் போல," என்றார் காளிதாஸ். "நடந்ததை மட்டும் எழுதியிருக்கறாரு."

"படம்கூட ஒரே மாதிரி மாமா. அத்தா போட்ட குடைக்கும் காம்பு அந்தப் பக்கம்தான் வளைஞ்சிருக்குது."

ஆலியா சில பக்கங்களைப் படமெடுத்து ரூத்துக்கு அனுப்பியிருந்தாள். அவசரத்தில் தமிழ்ப் பக்கமும் ஒன்றிரண்டு சேர்ந்து போய்விட்டது. பதில் அடுத்த நாளே வந்தது. அப்பாவின் கையெழுத்தை ரூத் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாராம். அப்புறம் ஒரு கேள்வி: உங்கள் ஊரிலும் கழகம் இருக்கிறதா? 2006 நவம்பர் 9ஆம் தேதி ஆட்டம் 16:9 என்று தெரிகிறது. ஒரே ஆட்டத்தில் இருபத்தைந்து கோலா! கோல்கீப்பர் யார்?

"நான்தான்னு எழுது," என்றார் காளிதாஸ்.

விளையாட்டுக்குச் சொன்னாலும் அன்று உட்கார்ந்து முறையாகப் பதில் சொல்ல வைத்தார். முதலில் ஊடை என்றால் என்ன, அடுத்து பாவு என்றால் என்ன, மூன்றாவது தாங்கள் எப்படித் தப்பாகப் புரிந்துகொண்டோம், நான்காவது அந்தத் தப்பால் ஏழாம் தறி இந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லாத மாதிரி எப்படி ஓடியது. ஆலியா இங்கிலீஷில் எழுதி அனுப்பினாள்.

ரூத்தின் அடுத்த கடிதம் நீளமானது. வால்டர் கடைசியாக எழுதியது 16 அக்டோபர் 1983, ஞாயிறு. குடை. ஒன்பது பேர்தான் வந்தார்கள். 0:4. பந்தின் தையல் விட்டுவிட்டது. தைப்பதற்கு எடுத்துப் போகிறேன். புதன்கிழமை அவர் இறந்துபோனார். தைத்து முடித்த பந்து சமையலறை மேசைமேல் இருந்தது. அது இன்னும் தன்னிடம் இருக்கிறது என்று ரூத் எழுதியிருந்தார். ஆனால் அப்பா எழுதிய எழுத்து என்று ஒரு துண்டுக் காகிதம்கூடத் தன்னிடம் இல்லை. படம் போதாதா என்று நீங்கள் கேட்கலாம், எனக்குப் போதவில்லை. உங்கள் பக்கங்கள் உங்களுடையவை. எங்கள் பக்கங்களை மட்டும் பிரித்து அனுப்ப முடியுமா?

கேட்டதில் தப்பே இல்லை. அதுதான் கஷ்டம்.

ராசிபுரத்தில் பைண்டிங் கடை வைத்திருக்கும் மயில்சாமியிடம் மூவரும் போனார்கள். அவர் நோட்டை முகர்ந்து பார்த்தார், முதுகைத் தடவினார், நடுவில் விரித்துத் தையலைப் பார்த்தார். "நல்ல நூல் தையலுங்க. எங்க வேணாலும் பிரிச்சுத் தாரேன். ரெண்டு நோட்டாவே பைண்டு போட்ரலாம்," என்றவர் அந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்தினார். "இந்தத் தாளு யாருக்குங்க?"

முன்பக்கம்: தைப்பதற்கு எடுத்துப் போகிறேன். திருப்பினால் பின்பக்கம்: முதல் ஓட்டம், தேங்காய், காளி பயந்துபோய். ஒரே தாள்.

"தாளைப் பொளக்கறதுக்கு எங்கிட்ட வித்தை இல்லீங்க," என்றார் மயில்சாமி.

காளிதாஸ் சட்டென்று, "அப்ப நம்ம பக்கத்தோட இருக்கட்டும். அவிங்களுக்கு அந்த ஒரு பக்கம் படமா அனுப்பிக்கலாம்," என்றார். சொன்ன பிறகு தன் குரலே தனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அது முதல் நாள். அவரும் சலாமும் அந்தத் தறியை முதன்முதலில் ஓட வைத்த நாள். மற்ற எதைக் கொடுக்கச் சொன்னாலும் கொடுத்துவிடுவார்.

ஆலியா தாளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

"மாமா, அத்தாவுக்கு இதுக்கப்புறம் நூத்தி எழுவது பக்கம் இருக்குது."

"இருக்குது கண்ணு."

"அந்தம்மாவுக்கு இதுதான் கடைசி."

கடையில் பசை காய்ச்சுகிற வாசனை. மயில்சாமி எங்கேயோ பார்ப்பது போலக் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"3.5.2021 பக்கத்தை யாராச்சும் கேட்டிருந்தா நீங்க குடுப்பீங்களா?" என்றாள் ஆலியா. மெதுவாகத்தான் கேட்டாள்.

பிரேக் இழுக்கிறது. காளி வந்ததும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

காளிதாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மஸ்தான் பீவியைப் பார்த்தார். "என்னைப் பாக்காதீங்கண்ணா," என்றார் அவர். "எனக்கு அவரு போட்ட குடைப் படந்தான் படிக்கத் தெரியும். அது இன்னும் நெறைய இருக்குது."

"தாளுக்குப் பின்னால பிரிங்க மயில்சாமி," என்றார் காளிதாஸ். "அந்தத் தாளு அவிங்களோட போகட்டும்."

போவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தார். மயில்சாமியிடம் அதே அளவில் ஒரு வெள்ளைத் தாள் வாங்கி, அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, முதல் நாளில் தொடங்கி அந்தப் பக்கத்தில் சலாம் எழுதியதை வரி பிசகாமல் எழுதினார். மேகப் படத்தை இரண்டு தடவை அழித்துப் போட வேண்டியிருந்தது. 'காளி பயந்துபோய்' என்ற இடத்தில் பேனா நின்றது. தன்னைப் பற்றியே தான் எழுதுகிற மாதிரி இல்லாமல் சலாம் எழுதுகிற மாதிரி அதை எழுதுவது எப்படி என்று யோசித்தார். பிறகு அப்படியே எழுதி முடித்தார். அடியில் சின்னதாக: அசல் தாள் ஓபர்லின்டன் ஊரில் இருக்கிறது. பயப்படவில்லை, ஜாக்கிரதைக்காக அணைத்தேன். கா.

"அதை எதுக்கு மாமா சேத்தறீங்க?"

"பத்தொம்பது வருசமாச் சொல்லணும்னு இருந்தேன்."

ராசிபுரம் தபால் நிலையத்தில் பார்சலை நிறுத்துப் பார்த்த பெண், வெளிநாட்டுப் படிவத்தை நீட்டி உள்ளே என்ன என்று கேட்டார். காளிதாஸ் ஆலியாவைப் பார்த்தார். "பழைய நோட்டுன்னு போட்டுக்கறேன்," என்றார் அந்தப் பெண். ஆலியா படிவத்தை வாங்கித் தானே நிரப்பினாள்: ஒரு கால்பந்துக் கழகத்தின் வரலாறு. கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் ஒரு தறியின் முதல் நாள். கட்டத்துக்குள் அடங்காமல் ஓரத்தில் ஏறி எழுத வேண்டியிருந்தது. அந்தப் பெண் படித்துப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

மூன்று வாரம் கழித்து ரூத்திடமிருந்து ஒரு படம் வந்தது. கழகத்தின் சின்னக் கட்டடத்தில் கண்ணாடிச் சட்டம் ஒன்று, சுவரில் மாட்டாமல் இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி கம்பத்தில் நிறுத்தியிருந்தது. முன்னால் நின்றால் வால்டர். சுற்றிக்கொண்டு போனால் சலாம். பக்கத்தில் மேசைமேல் தைத்த பந்து. ஆட்டம் முடிந்து வருகிற பையன்கள் எல்லோரும் 16:9 எப்படி என்றுதான் முதலில் கேட்கிறார்களாம். நான் ஊடை, பாவு என்று சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று ரூத் எழுதியிருந்தார்.

புதிதாக பைண்டு போட்ட தமிழ் நோட்டு ஆலியாவிடம்தான் இருக்க வேண்டும் என்று காளிதாஸ் சொல்லிவிட்டார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "தறி நோட்டு தறியோட இருக்கட்டும் மாமா. ஞாயித்துக்கெழமை மட்டும் ஊட்டுக்கு எடுத்துட்டு வாங்க. அம்மாவுக்குப் படிக்கணும்," என்றாள். ஞாயிறு தவறாமல் அவர் வர வேண்டும் என்பதற்கும் அது ஒரு வழி என்று அவருக்குப் பிறகுதான் புரிந்தது.

அடுத்து வந்த வியாழக்கிழமை, ஷிப்டு முடிகிற நேரம். சின்னாயி அக்கா தறியை நிறுத்திவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு கிளம்பினார். காளிதாஸ் ஏழாம் தறியின் பெட்டியைத் திறந்து நோட்டை எடுத்தார். நான்கு வருடமாக நடுவில் கிடந்த பேனா எழுதவில்லை. மாதேஷிடம் ஒரு பேனா வாங்கினார்.

"என்னண்ணா, மறுபடியும் கோலு எண்ணப் போறீங்களா?" என்றான் மாதேஷ்.

"போடா, போய் மூஞ்சியக் கழுவு."

சலாமின் கடைசி வரிக்குக் கீழே, அடுத்த கட்டத்தில், எழுதினார்:

27.11.2025 வியாழன். மேகம். ஆள்: காளி, சின்னாயி, மாதேஷ். 2:1. பிரேக் அந்த மாசமே பார்த்தாச்சு பாய். எழுதத்தான் இல்லை.